ஒரே மாதிரி ஒப்புக்கொண்டார்களே, அது எப்படி?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. "ஐரோப்பாவில் 90 லட்சம் பேரைச் சூனியக்காரிகள் என்று சொல்லி எரித்தார்களாமே, உண்மையா?" என்பது முதல் வரி. நீங்கள் உண்மையில் கேட்பது அடுத்த வரியில் இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே இராதவர்கள், வெவ்வேறு ஊர்களில், சாத்தானைச் சந்தித்தோம், இரவில் பறந்து போனோம், கூட்டத்தில் ஆடினோம் என்று ஏறத்தாழ ஒரே மாதிரி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் சொல்லும்போது, மறைவாக ஏதோ ஒரு வழிபாடோ கூட்டமோ இருந்திருக்கத்தானே வேண்டும் என்கிறீர்கள். கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்திய காலத்தில் மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். என் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழக்குகளின் ஆவணங்கள் லத்தீனிலும் பழைய ஜெர்மனிலும் ஸ்பானிய மொழியிலும் இருக்கின்றன. நான் அவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பிலும், மூலங்களோடு பழகிய ஆய்வாளர்களின் வழியாகவும் படித்தவன்.

எண்ணிக்கையை முடித்துவிடுவோம். 90 லட்சம் என்பது தவறு. 1784-இல் க்வெட்லின்பூர்க் என்ற ஜெர்மன் ஊரைச் சேர்ந்த ஃபோய்க்ட் என்பவர், தன் ஊர் ஆவணக் கட்டில் கிடைத்த சில வழக்குகளை எடுத்துக்கொண்டு, அதே விகிதத்தில் ஐரோப்பா முழுவதும் பல நூற்றாண்டுகள் நடந்திருக்கும் என்று பெருக்கிப் பார்த்தார். விடை 94 லட்சத்துச் சொச்சம் வந்தது. அந்தக் கணக்கை அடுத்த நூற்றாண்டில் பலரும் சரிபார்க்காமல் எடுத்தாண்டார்கள். இன்று ஆவணங்களை ஊர் ஊராக எண்ணியவர்கள் சொல்வது, சுமார் 1450 முதல் 1750 வரையிலான 300 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் வழக்குகள், 40,000 முதல் 60,000 வரை மரண தண்டனைகள் என்பது. அவற்றில் பாதியளவு ஜெர்மானிய நிலங்களில் நடந்தவை. பல ஊர்களின் ஆவணங்கள் போரிலும் தீயிலும் போய்விட்டதால் இது மதிப்பீடாகத்தான் இருக்க முடியும். எண்ணிக்கை குறைந்ததால் கொடுமை குறைந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த 50,000 பேரும் நீதிமன்றம் கூடி, எழுத்தர் உட்கார்ந்து, முத்திரை குத்திக் கொல்லப்பட்டவர்கள். எனக்கு எப்போதும் உறுத்துவது அதுதான்.

இனி ஒப்புதல் வாக்குமூலம். சூனியத்தில் நம்பிக்கை ஐரோப்பாவில் அதற்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. மாடு பால் வற்றினால், குழந்தை காரணமின்றி மெலிந்தால், பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணைக் குறை சொல்வது எல்லா நாட்டிலும் உள்ளதே. ஆனால் நம்பிக்கை இருந்த காலமெல்லாம் எரிக்கவில்லை. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சாக்சன் மக்களுக்காக மன்னர் சார்லமேன் போட்ட சட்டம், ஒருவரைச் சூனியக்காரர் என்று நம்பி எரிப்பவனுக்கே மரண தண்டனை என்றது. 906-ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட ஒரு திருச்சபை விதி, இரவில் விலங்குகளின் மேலேறிப் பறப்பதாகச் சொல்லும் பெண்கள் கனவில் மயங்குகிறார்கள், அதை நிஜம் என்று நம்புவதுதான் பிழை என்றது. அந்தக் காலத்து வழக்கு முறையும் ஒரு தடுப்பாக இருந்தது. குற்றம் சாட்டுபவரே நிரூபிக்க வேண்டும்; முடியாமல் போனால், எதிரிக்குக் கேட்ட தண்டனை அவர் தலையிலேயே விழக்கூடும். இரவில் யாருக்கும் தெரியாமல் செய்ததாகச் சொல்லப்படும் ஒரு குற்றத்தை அந்த நிபந்தனையில் நிரூபிக்க யார் துணிவார்கள்?

பிறகு விசாரணை முறை மாறியது. நீதிபதியே வழக்கைத் தொடங்கலாம், சாட்சிகளை ரகசியமாக விசாரிக்கலாம் என்று வந்தது. மரண தண்டனைக்கு இரண்டு கண்கண்ட சாட்சிகள் வேண்டும், அல்லது குற்றவாளியின் ஒப்புதல் வேண்டும். சூனியத்துக்குக் கண்கண்ட சாட்சி எங்கிருந்து வருவார்? எனவே ஒப்புதல்தான் ஒரே வழி. ஒப்புதலுக்குச் சித்திரவதைதான் வழி. ஜெர்மானிய நிலங்களை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1532-இல் கொண்டுவந்த குற்றவியல் சட்டம் இதற்குச் சில கட்டுப்பாடுகள் விதித்தது. போதிய முகாந்திரம் இல்லாமல் சித்திரவதை கூடாது, வலி இல்லாத நேரத்தில் மறுபடி ஒப்புக்கொண்டால்தான் செல்லும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் சூனியம் வழக்கமான குற்றமல்ல, விதிவிலக்கான குற்றம், ஆகவே வழக்கமான பாதுகாப்புகள் பொருந்தாது என்று சட்ட அறிஞர்கள் எழுதினார்கள். கட்டுப்பாடுகள் காகிதத்தில் நின்றன.

இது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு, ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் 1628-இல் நடந்த ஒரு வழக்கை மாணவர்களுக்குச் சொல்வேன். யோஹானஸ் யூனியுஸ் அந்த நகரின் மேயர்களில் ஒருவர், வயது 55. அவருக்கு முன்பே கைதானவர்கள் அவரைச் சாத்தான் கூட்டத்தில் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள். ஜூன் இறுதியில் விசாரணை தொடங்கியது. அவர் மறுத்தார். கட்டைவிரல்களை இடுக்கியில் வைத்துத் திருகினார்கள். நகக்கண்களில் ரத்தம் வழிந்தது. கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் மேலே இழுத்துக் கீழே விட்டார்கள், எட்டு முறை. அதன் பிறகு அறைக்கு அழைத்துப் போகும்போது, சித்திரவதை செய்த ஆளே அவரிடம் கெஞ்சினான்: ஐயா, கடவுளுக்காக எதையாவது ஒப்புக்கொள்ளுங்கள், கதை கட்டியாவது சொல்லுங்கள், இதைத் தாங்க உங்களால் முடியாது, தாங்கினாலும் விடமாட்டார்கள், ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

யூனியுஸ் யோசிக்க அவகாசம் கேட்டார். பிறகு கதை சொன்னார். 1624-இல் ஒரு வழக்குச் செலவை நினைத்துத் தோட்டத்தில் கவலையோடு உட்கார்ந்திருந்தபோது, புல்லறுக்கும் பெண்போல ஒருத்தி வந்தாள், பேசினாள், பிறகு ஆடாக மாறினாள் என்றார். அது போதவில்லை. கூட்டத்தில் யார் யாரைப் பார்த்தாய் என்றார்கள். யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றதும் மறுபடி மிரட்டினார்கள். இன்னார் இருந்தாரா என்று அவர்களே பெயரைச் சொன்னார்கள், இருந்தார் என்றார். அடுத்து, நகரத்தின் தெருக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்தத் தெருவில் யார், அந்தத் தெருவில் யார் என்று கேட்டார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் அவர் பெயர் சொல்லியாக வேண்டியிருந்தது. என்ன தீங்கு செய்தாய் என்ற கேள்விக்கு, பிள்ளைகளைக் கொல்லச் சாத்தான் சொன்னான், அதற்குப் பதிலாக ஒரு குதிரையைக் கொன்றேன் என்றார். அவர் சொன்ன இந்தக் கதை நீதிமன்றக் குறிப்பில் ஒப்புதல் வாக்குமூலமாக, கோவையாகப் பதிவாகியிருக்கிறது.

அந்தக் குறிப்பு மட்டும் கிடைத்திருந்தால் நீங்கள் கேட்ட கேள்விக்கு நாம் இன்றும் தடுமாறியிருப்போம். ஆனால் நசுங்கிய விரல்களால் பல நாள் எழுதி, ஜூலை 24 என்று தேதியிட்டு, மகள் வெரோனிகாவுக்கு யூனியுஸ் ஒரு கடிதம் எழுதினார். குற்றமற்றவனாகச் சிறைக்கு வந்தேன், குற்றமற்றவனாக வதைபட்டேன், குற்றமற்றவனாகச் சாகப்போகிறேன் என்று அது தொடங்குகிறது. மேலே நான் சொன்ன கெஞ்சலும் தெருக் கணக்கும் அந்தக் கடிதத்திலிருந்து தெரிய வருபவை. தன்மேல் பொய் சாட்சி சொன்னவர்கள், தாங்கள் கொல்லப்படுவதற்கு முன்பு தன்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கடிதத்தை ஒளித்து வை, வெளியே தெரிந்தால் என்னை இன்னும் வதைப்பார்கள், சிறைக் காவலர்களின் தலையும் போய்விடும் என்கிறார். கொண்டுவரும் ஆளுக்கு ஒரு வெள்ளிக் காசு கொடுக்கச் சொல்கிறார். அடுத்த மாதம் அவர் கொல்லப்பட்டார். எத்தனை முறை வகுப்பில் வாசித்தாலும், அந்த வெள்ளிக் காசு வரும் இடத்தில் என் குரல் தடுமாறும்.

ஆக, ஏன் ஒரே மாதிரி சொன்னார்கள்? கேள்விகள் ஒரே மாதிரி இருந்தன. சாத்தானோடு எப்போது ஒப்பந்தம் செய்தாய், எங்கே கூடினீர்கள், எதில் பறந்தாய், யார் ஆடினார்கள் என்ற வரிசை, அச்சில் வந்த நூல்களின் வழியாக நீதிபதிக்கு நீதிபதி பரவியது. கைதிக்கும் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்தே இருந்தது. ஏனென்றால் முந்தைய கைதிகளின் ஒப்புதலைத் தண்டனை நிறைவேற்றும் இடத்தில் ஊர் கூடி நிற்க உரக்க வாசித்தார்கள், பிரசங்கத்தில் சொன்னார்கள், துண்டுப் பிரசுரங்களில் படம் போட்டு விற்றார்கள். ஒவ்வொரு ஒப்புதலும் அடுத்த ஒப்புதலுக்குப் பாடப்புத்தகமாக இருந்தது.

கைதி சொன்னது அந்தக் கேள்வி வரிசையில் அடங்காதபோது என்ன நடந்தது என்பதற்கும் ஆவணம் இருக்கிறது. இத்தாலியின் வடகிழக்கில் ஃப்ரியூலி பகுதியில், 1575-இல் தொடங்கி சில குடியானவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். தலையில் சவ்வோடு பிறந்தவர்கள் தாங்கள் என்றும், ஆண்டில் நான்கு பருவங்களில் உறக்கத்தில் தங்கள் ஆவி வெளியேறிப் பயிரைக் காக்கச் சூனியக்காரர்களோடு சண்டை போடும் என்றும் சொன்னார்கள். ஆயுதம் இவர்களுக்குச் சோம்புத் தண்டு, எதிரிகளுக்குச் சோளத் தட்டை. விசாரணை செய்த பாதிரியார்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எந்த நூலிலும் அப்படி இல்லை. தலைவன் யார், அவன் சாத்தான்தானே, அவனை வணங்கினாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டு தலைமுறைக்குள், 1640-களில், அதே நம்பிக்கையைச் சேர்ந்தவர்கள் தாங்களே சூனியக்காரர்கள், சாத்தானை வணங்கினோம் என்று ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். உங்கள் கேள்வியில் "ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டாமா" என்ற பகுதிக்கு என் நேர்மையான பதில் இது: சில இடங்களில் ஏதோ இருந்தது. அது சாத்தான் வழிபாடு அல்ல. பயிரும் கனவும் கலந்த பழைய நாட்டார் நம்பிக்கை. அது எவ்வளவு பரவலாக இருந்தது, எத்தனை பழையது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஐரோப்பா முழுக்க ஒரு ரகசிய மதம் இருந்தது என்று 1921-இல் மார்கரெட் மரே என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்தை மட்டும் இன்று வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. அவர் எடுத்துக்காட்டிய வாக்குமூலங்களில் நம்ப முடியாத பகுதிகளை விட்டுவிட்டு, நம்பக்கூடியதாகத் தோன்றியதை மட்டும் எடுத்திருந்தார்.

இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் சுகர்ரமுர்தி என்ற ஊரைச் சுற்றி எழுந்த பீதியில், 1610 நவம்பரில் லோக்ரோன்யோ நகரில் திருச்சபையின் விசாரணை மன்றம் தீர்ப்பு வழங்கியது. ஆறு பேர் உயிரோடும், சிறையிலேயே இறந்துபோன ஐந்து பேர் உருவபொம்மையாகவும் எரிக்கப்பட்டார்கள். மன்றத்தில் மூன்று நீதிபதிகள். அவர்களில் இளையவரான அலோன்சோ தெ சலசார் ஃப்ரியாஸுக்கு அதற்குள்ளாகவே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு, ஒப்புக்கொள்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்ற மன்னிப்பு ஆணையோடு மலைக் கிராமங்களுக்குள் அவரை அனுப்பினார்கள். 1611 மே மாதம் கிளம்பி, மறு ஆண்டு ஜனவரியில் திரும்பினார். 1,802 பேர் அவரிடம் வந்து ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 1,384 பேர் குழந்தைகள்.

வேறொருவராக இருந்தால் 1,802 ஒப்புதலைப் பார்த்து, எவ்வளவு பெரிய கூட்டம் என்று மலைத்திருப்பார். சலசார் சரிபார்க்க உட்கார்ந்தார். ஒரே கூட்டத்துக்குப் போனதாகச் சொன்னவர்களைத் தனித்தனியே அழைத்து, எந்த இடம், எந்த வழி, சாத்தான் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று கேட்டார், பதில்கள் முரண்பட்டன. பறப்பதற்குப் பூசும் தைலம் என்று 22 சட்டி களிம்புகள் கிடைத்தன. மருத்துவர்களிடம் காட்டினார், விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. தைலம் எங்கே என்று நச்சரித்ததால் கையில் கிடைத்ததைக் கலந்து கொடுத்தோம் என்று ஆட்களே சொன்னார்கள். சாத்தானோடு கூடியதாகச் சொன்ன பெண்களை மருத்துவச்சிகள் பரிசோதித்தபோது கன்னிமை கெடவில்லை என்று தெரிந்தது. சான்டெஸ்டெபான் என்ற ஊரில், புனித யோவான் திருநாளின் முந்தைய இரவு இன்ன இடத்தில் பெரிய கூட்டம் நடந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள். அதே இரவில் அதே இடத்தில் சலசாரின் செயலர்கள் இருவர் இருந்திருக்கிறார்கள்; அவர்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களைச் சேர்த்துக்கொண்டு அவர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையின் சாரம் இதுதான்: இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும் வரை இங்கே சூனியக்காரரும் இல்லை, சூனியத்துக்கு ஆளானவரும் இல்லை. 1614 ஆகஸ்டில் தலைமை மன்றம் அவர் பக்கம் சாய்ந்து புதிய விதிமுறைகளை வெளியிட்டது. அதன் பிறகு ஸ்பெயினில் திருச்சபை மன்றங்கள் சூனியத்துக்காக எரிப்பது ஏறத்தாழ நின்றுவிட்டது. ஆனால் ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியில், திருச்சபை மன்றத்தைச் சேராத உள்ளூர் நீதிபதிகள் அதற்குப் பிறகும் பலரைத் தூக்கிலிட்டார்கள். திருச்சபைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொலைகளில் பெரும்பகுதி, மேல்முறையீடு இல்லாத சிறு ஆட்சிப் பகுதிகளின் நீதிமன்றங்களில் நடந்தவை.

சித்திரவதையே இல்லாமல் ஒப்புதல் வந்த இடங்கள் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அமெரிக்காவின் சேலம் என்ற ஊரில் நடந்த வழக்குகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. 1692-இல் அங்கே 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், பேச மறுத்த முதியவர் ஒருவர் மேல் கற்களை ஏற்றிக் கொன்றார்கள், சிறையில் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். யாரையும் எரிக்கவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டவர்கள் தப்பினார்கள்; தூக்கில் தொங்கியவர்கள் மறுத்தவர்கள், அல்லது ஒப்புக்கொண்டு பின்வாங்கியவர்கள். உயிரோடு இருக்க ஒரே வழி பொய் சொல்வது என்றால், மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. சூனியத்துக்கு ஆளானோம் என்று அங்கே குற்றம் சாட்டிய சிறுமிகளின் வலிப்புக்கு, ரை என்ற தானியத்தில் பிடிக்கும் பூஞ்சை நஞ்சு காரணம் என்று 1976-இல் ஒரு கட்டுரை வந்தது. இன்றும் அது சுற்றிவருகிறது. அதே ஆண்டிலேயே அதற்கு வலுவான மறுப்பும் வந்தது. நஞ்சின் அறிகுறிகள் ஆவணங்களோடு பொருந்தவில்லை. அதை நான் நம்புவதில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களுக்கு வருகிறேன். கொல்லப்பட்டவர்களில் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள். ஏன்? பெண் வெறுப்பு நிச்சயம் ஒரு காரணம். 1486-இல் ஹைன்ரிஷ் கிராமர் எழுதிய சூனிய வேட்டை நூலைப் படித்தால் அது தெரியும். (அவர் அதற்கு முந்தைய ஆண்டு இன்ஸ்ப்ரூக்கில் நடத்திய விசாரணையைப் பார்த்து, அந்தப் பகுதியின் ஆயரே அவரை வெளியேறச் சொல்லிவிட்டார்.) ஆனால் ஐஸ்லாந்திலும் நார்மண்டியிலும் ரஷ்யாவிலும் சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆகவே ஒற்றைக் காரணம் போதாது. மூலிகை அறிந்த மருத்துவச்சிகளைக் குறிவைத்துக் கொன்றார்கள் என்ற பேச்சுக்கு ஆவண ஆதரவு மிகக் குறைவு. மருத்துவச்சிகள் பல இடங்களில் நீதிமன்றத்துக்கு உதவியவர்கள், சலசாரின் விசாரணையிலும்தான். குளிரும் விளைச்சல் நாசமும் ஒரு தூண்டுதல் என்ற வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. 1626 மே இறுதியில் உறைபனி விழுந்து பாம்பெர்க் பகுதியின் திராட்சையும் தானியமும் கருகின. அதையடுத்துத்தான் அங்கே மிகக் கொடிய அலை எழுந்தது. ஆனால் அதே பனி விழுந்த பல ஊர்களில் யாரையும் எரிக்கவில்லை. பனி பயத்தைக் கொடுத்தது. ஆளைக் கொல்ல, சரிபார்க்காத நீதிமன்றம் வேண்டியிருந்தது.

நடப்புக் காலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தங்களை விக்கா என்று அழைத்துக்கொள்பவர்கள் அந்தக் கொலைகளில் தப்பியவர்களின் வாரிசுகள் அல்ல. அது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயரால் வெளியுலகுக்கு வந்த புதிய மதம். 1951-இல் பிரிட்டனின் பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்ட பிறகு வெளிப்படையாக வளர்ந்தது. அவர்கள் வழிபாடு அவர்கள் உரிமை, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் கவலை நம் நாட்டைப் பற்றியது. ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, அசாம் கிராமங்களில் பெண்களைச் சூனியக்காரி என்று சொல்லி அடிப்பதும் கொல்வதும் இன்னும் நடக்கின்றன. ஒரு குழந்தை காய்ச்சலில் இறக்கிறது. ஓஜா என்னும் மந்திரவாதி ஒரு பெயரைச் சொல்கிறார். அந்தப் பெயர் பல நேரங்களில், கொஞ்சம் நிலத்தோடு தனியாக வாழும் ஒரு விதவையின் பெயராக இருக்கிறது. ஒப்புக்கொள் என்று அடிக்கிறார்கள். ஜார்க்கண்ட் 2001-லும் அசாம் 2015-லும் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றின. அன்றைய ஐரோப்பாவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு, இங்கே சட்டம் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறது என்பது. போலீஸ் நேரத்துக்கு வந்து சேருமா என்பது வேறு கேள்வி.

நம் சாட்சியச் சட்டத்தில், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவர் மேல் குற்றத்தை நிரூபிக்கக் கூடாது என்று 1872-லேயே எழுதினார்கள். 2023-இல் வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. பாம்பெர்க் போன்ற இடங்களின் அனுபவத்தை நினைத்தால், அந்த ஒரு பிரிவின் அருமை எனக்குப் புரிகிறது. குற்றவாளிகள் தப்பிக்க உதவும் ஓட்டை என்று யாராவது அதைக் குறை சொல்லும்போது எனக்குக் கோபம் வரும்.

மேலும் படிக்க விரும்பினால், யூனியுஸின் விசாரணைக் குறிப்பும் மகளுக்கு எழுதிய கடிதமும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியிலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டன; இரண்டும் சில பக்கங்கள்தான். முதலில் குறிப்பை மட்டும் படியுங்கள். தேதி, இடம், பெயர், ஆடு, குதிரை எல்லாம் வரிசையாக, நம்பும்படியாகவே இருக்கும். ஒருநாள் விட்டு, பிறகு கடிதத்தை எடுங்கள்.